மனக்கணக்குக்கு மதிப்பெண் உண்டா?

சந்தையில் தேறுகிற சிறுவன் பள்ளிக்கூடத்தில் தோற்றால் குறை சிறுவனிடமா, கேள்வித்தாளிடமா?

கிழக்கு தில்லியில் எங்கள் குடியிருப்பை ஒட்டி புதன்கிழமை தோறும் தெருவோரச் சந்தை கூடும். சென்ற மாதம் ஒரு மாலை, பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பையனிடம் காய்கறி வாங்கினேன். கிலோ 60 ரூபாய் வெண்டைக்காய் முக்கால் கிலோ. 30 ரூபாய் உருளைக்கிழங்கு ஒன்றரை கிலோ. 80 ரூபாய் பச்சை மிளகாய் கால் கிலோ. 120 ரூபாய் இஞ்சி நூறு கிராம். இஞ்சி தராசிலிருந்து இறங்குவதற்குள் "ஏக் ஸௌ பாயீஸ்" என்றான். நான் 500 ரூபாய்த் தாளை நீட்டினேன். "இருபத்திரண்டு சில்லறை இருக்கிறதா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, நான்கு நூறு ரூபாய்த் தாள்களைக் கையில் வைத்தான். தமிழில் முதுகலைப் பட்டம் பெற்ற நான் நாலடி தள்ளி நின்று, செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து சரிபார்த்தேன். ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை.

பக்கத்தில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த அவனுடைய சித்தப்பா இதைக் கவனித்திருக்க வேண்டும். "கணக்குப் பரீட்சையில் இவன் ஃபெயில், ஜி" என்றார் சிரித்துக்கொண்டே. பையன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து இஞ்சியை அடுக்கத் தொடங்கினான்.

இது ஒரு பையனின் விநோதக் கதை அல்ல என்பதற்கு இப்போது சான்று இருக்கிறது. 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரும், குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராயும் எலிசபெத் ஸ்பெல்கியும் வேறு சிலரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியானது. கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர் சிறுமியரிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய்ப் பொருள் வாங்கினார்கள். வழக்கமான அளவுகளை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். உதாரணமாக, கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயத்தில் 1.4 கிலோ, கொடுப்பது 200 ரூபாய்த் தாள். பதினாறும் இருபத்தொன்றும் முப்பத்தேழு, மீதி 163. கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் இந்த மாதிரிக் கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள்.

அதே குழந்தைகளிடம், அதே அளவு கடினமான, சில சமயம் அதைவிட எளிதான கணக்குகளைப் பள்ளிப் புத்தக பாணியில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது தடுமாறினார்கள். விலைகளை மனப்பாடம் செய்து வைத்திருக்கலாம், பக்கத்தில் யாராவது உதவியிருக்கலாம், பரீட்சை என்றதும் பயந்திருக்கலாம் என்ற சந்தேகங்கள் ஒவ்வொன்றையும் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள்.

ஆய்வின் மறுபாதிதான் அதிகம் சிந்திக்க வைக்கிறது. பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும், சந்தை அனுபவம் இல்லாத 471 குழந்தைகள் வெறும் எண் கணக்குகளை இவர்களைவிட நன்றாகப் போட்டார்கள். ஆனால் சந்தைக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விடை கண்ட ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்கை, பள்ளிக் குழந்தைகளில் 1 சதவீதம் பேர்தான் சரியாகச் செய்தார்கள். தாளில் எழுதி எழுதி, சுற்றி வளைத்து, நிஜ வாழ்க்கைக்கு உதவாத வேகத்தில் விடையை நெருங்கினார்கள். தெருவின் கணக்கு பள்ளிக்குள் வரவில்லை. பள்ளியின் கணக்கு தெருவுக்குப் போகவில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு மதில் நிற்கிறது.

மதில் புதியதல்ல. 1985இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில், தெருவில் பண்டம் விற்கும் ஐந்து சிறுவர்களிடம் ஆய்வாளர்கள் இதே சோதனையைச் செய்தார்கள். வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் சுமார் 98 சதவீதம் சரி. அவற்றையே வெறும் எண்களாக்கித் தாளில் கொடுத்தபோது சுமார் 37 சதவீதம்தான் சரி. ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் என்ன என்று கேட்டபோது, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பள்ளியில் சொல்லித் தருவது போலப் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்க்கவில்லை. மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, என்று மூன்று மூன்றாகக் கூட்டி, கடைசியில் ஒன்றைச் சேர்த்து 350க்கு வந்தான். சுற்றுவழிதான். ஆனால் ஒவ்வொரு அடியும் அவனுக்குப் புரிந்த அடி.

இனி நம் தேர்வுகளைப் பார்ப்போம். 2024 டிசம்பரில் மத்திய அரசின் பரக் அமைப்பு நாடு முழுவதும் 3, 6, 9ஆம் வகுப்பு மாணவர்களின் கற்றலை மதிப்பிட்டது. 74,000க்கும் மேற்பட்ட பள்ளிகள், சுமார் 21 லட்சம் மாணவர்கள். ஆறாம் வகுப்பில் 53 சதவீதம் பேருக்குத்தான் பத்து வரை வாய்ப்பாடு தெரியும் என்று முடிவு சொன்னது. மூன்றாம் வகுப்பில் 99 வரையிலான எண்களை ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ அடுக்கத் தெரிந்தவர்கள் 55 சதவீதம். கிராமப்புறக் குழந்தைகளை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் 'அஸர்' அறிக்கையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 2024இல் ஐந்தாம் வகுப்பில் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 30.7 சதவீதம்.

இந்த எண்களைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவை எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டாமல் விடுகின்றன என்று கேட்கலாம். தேசிய மதிப்பீட்டில் நான்கு விடைகளில் ஒன்றுக்கு நேரே வட்டத்தை நிரப்ப வேண்டும். குழந்தை எப்படி யோசித்தது என்பதற்கு அதில் இடமில்லை. என் காய்கறிக்காரப் பையன் அந்த 21 லட்சத்தில் ஒருவனாக இருந்திருந்தால், வாய்ப்பாடு தெரியாத பட்டியலில்தான் சேர்ந்திருப்பான்.

ஆகவே பள்ளித் தேர்வில் மனக்கணக்குக்கென்று ஒரு பகுதி வைத்தால் என்ன? யோசனை கவர்ச்சியானது. அதைச் செய்து பார்த்த ஒரு நாடும் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1998 முதல் 11 வயது மாணவர்களுக்கான தேசியத் தேர்வில் மனக்கணக்குத் தாள் ஒன்று இருந்தது. மொத்தம் 20 கேள்விகள். ஒலிநாடாவில் ஒரு குரல் கேள்வியைப் படிக்கும். சில கேள்விகளுக்கு 5 வினாடி, சிலவற்றுக்கு 10, கடினமானவற்றுக்கு 15. கேள்வி மூலம் வருவது காதுக்கு, விடை மட்டும் தாளுக்கு. கணிதத்தின் 100 மதிப்பெண்ணில் இதற்கு 20. தேர்வு மாறியதும் வகுப்பும் மாறியது. 1999இல் தொடங்கிய தேசிய எண்ணறிவுத் திட்டம், தினசரிக் கணித வகுப்பின் முதல் சில நிமிடங்களை வாய்மொழிக் கணக்குக்கு ஒதுக்கச் சொன்னது. கேள்வித்தாளில் ஒன்று இடம்பிடித்தால்தான் அது பாடவேளையில் இடம்பிடிக்கும் என்பது உலகப் பொது விதி போலிருக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. புதிய பாடத்திட்டம் வந்ததும் மனக்கணக்குத் தாள் 2015உடன் நின்றது. 2016 முதல் அதன் இடத்தில் 30 நிமிட எழுத்து எண்கணிதத் தாள் வந்தது. பின்னர் 2022 ஜூனில் 8, 9 வயதுக் குழந்தைகளுக்கு வாய்ப்பாட்டுச் சோதனை கட்டாயமானது. கணினித் திரையில் 25 பெருக்கல் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 வினாடி. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தும் அரசு பின்வாங்கவில்லை. முதல் ஆண்டில் 25க்கு 25 வாங்கியவர்கள் 27 சதவீதம், 2024இல் 34 சதவீதம். முன்னேற்றம்தான். எதில் முன்னேற்றம் என்பதுதான் கேள்வி.

தமிழில் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மனப்பாடம், மனக்கணக்கு. இரண்டிலும் மனம் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று மயங்கிவிடுகிறோம். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது மனப்பாடம். 99ஐ ஏழால் பெருக்க வேண்டுமானால், ஏழு நூறு 700, அதில் ஏழைக் கழித்தால் 693 என்பது மனக்கணக்கு. 48ஐ 25ஆல் பெருக்கச் சொன்னால், 25 என்பது நூறில் கால், ஆகவே 48இல் கால் 12, விடை 1,200 என்று கண்டுகொள்வது மனக்கணக்கு. முன்னது சேமிப்பு, பின்னது அதைக் கொண்டு நடத்தும் வியாபாரம். முதல் இல்லாமல் வியாபாரம் நடக்காது என்பது சரியே. ஆனால் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவன் வியாபாரத்தைச் சோதித்தவன் ஆகமாட்டான். ஆறு வினாடிச் சோதனை எண்ணுவது பெட்டியைத்தான்.

நம் முன்னோர் மனப்பாடம் செய்ததும் வெறும் சேமிப்பாக இல்லை. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி ஒப்பித்த பிள்ளைகள் கால், அரை, முக்காலோடு நிற்கவில்லை. இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி வரை வாய்ப்பாடாகச் சொன்னார்கள். நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் கூலி பிரிக்கவும் அந்தப் பின்னங்கள் தேவைப்பட்டன. வட இந்தியாவிலும் ஒன்றேகால் வாய்ப்பாடு, ஒன்றரை வாய்ப்பாடு, இரண்டரை வாய்ப்பாடு என்று தனித்தனியாக இருந்தன. பழைய வியாபாரிகள் இன்னும் ஸவாயா, டாயா என்று நினைவுகூர்வதுண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த கணித வரலாற்றாய்வாளர் செந்தில்பாபு திண்ணைப் பள்ளிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே நினைவு என்பது கிளிப்பிள்ளைப் பாடமாக அல்ல, கற்கும் முறையாகவே இருந்தது என்பது அவருடைய வாதம். அந்தத் திண்ணைகளைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடமில்லை. பிரம்புக்கும் குறைவில்லை. ஆனால் படித்த கணக்கும் பிழைக்கும் கணக்கும் அங்கே ஒரே ஊரில் வாழ்ந்தன.

இங்கே மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவருக்கு இது உடனே உறைக்கும். காதால் கேட்டுச் செய்யும் கணக்கு, பாதி மொழித் தேர்வு. தமிழில் அறுபத்தொன்பது என்றால் அறுபதும் ஒன்பதும் காதில் விழுகின்றன. இந்தியில் அது உன்ஹத்தர், அதாவது எழுபதுக்கு ஒன்று குறைவு. எழுபத்தொன்பது உன்னாஸி. ஆனால் எண்பத்தொன்பது அதே வரிசையில் வராமல் நவாஸி ஆகிவிடுகிறது. நூறு வரை ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணுக்கும் தனிச் சொல் கற்க வேண்டும். தில்லியில் இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளே "இங்கிலீஷில் எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்பதைத் தினமும் பார்க்கலாம். தமிழும் முற்றிலும் நேர்மையான மொழி அல்ல. தொண்ணூறில் நூறும், தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒளிந்திருக்கின்றன. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் ஏராளம். அவர்களிடம் ஒலிபெருக்கியில் ஒரே மொழியில் கேள்வி கேட்டு ஐந்து வினாடியில் விடை வேண்டும் என்றால், நாம் சோதிப்பது கணக்கையா, காதையா? காது கேளாத பிள்ளையின் கதி என்ன? திக்குவாய்ப் பிள்ளையிடம் வாயால் விடை சொல்லச் சொன்னால்?

வேறொரு பயமும் உண்டு. மனக்கணக்குக்கு மதிப்பெண் என்று அறிவித்த மறுநாளே தெருமுனையில் பலகை தொங்கும். அபாகஸ் வகுப்பும் வேத கணித வகுப்பும் இப்போதே நகரங்களில் நல்ல வியாபாரம். 1980இல் லண்டனில் சகுந்தலா தேவி இரண்டு 13 இலக்க எண்களை 28 வினாடியில் பெருக்கிக் காட்டியதைப் பார்த்து வியந்த நாடு இது. மனக்கணக்கு என்றாலே நமக்கு வித்தை காட்டுவது என்ற எண்ணம் இருக்கிறது. கட்டணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை குறுக்குவழி கற்று மதிப்பெண் வாங்கிவிடுவான். யாருக்காக இந்தப் பகுதியை வைத்தோமோ அந்தச் சந்தைப் பையன் மறுபடியும் வெளியே நிற்பான்.

ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதும் நடுநிலை ஆகாது. ஏனென்றால் மனக்கணக்குத் தேர்வு இந்தியாவில் ஏற்கெனவே இருக்கிறது. நுழைவாயிலில் அல்ல, வெளிவாயிலில். வங்கி அதிகாரி வேலைக்கான முதல்நிலைத் தேர்வில் 20 நிமிடத்தில் 35 கணக்குகள். ஒரு கணக்குக்கு 34 வினாடி. கால்குலேட்டர் கிடையாது. தாளில் படிப்படியாக எழுதிப் போட்டால் பாதிகூட முடியாது. பன்னிரண்டு ஆண்டுகள் 'வழிமுறையை எழுது' என்று பழக்கிவிட்டு, இருபத்திரண்டு வயதில் 'மனதில் போடு' என்கிறோம். இடைப்பட்ட தூரத்தைக் கடக்கப் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கம் தோல்வியின் விலை ஏறியிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2019இல் திருத்தப்பட்ட பிறகு 5, 8ஆம் வகுப்புகளில் தேறாதவர்களை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழி திறந்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசும் தன் பள்ளிகளுக்கு அந்த முறையைக் கொண்டுவந்தது. இரண்டு மாதத்தில் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பு. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் இதை ஏற்கவில்லை. ஏற்ற இடங்களில், கணக்கில் தோற்ற சந்தைப் பிள்ளைக்கு அதே வகுப்பில் இன்னொரு வருடம் என்றால் வீட்டில் என்ன முடிவெடுப்பார்கள்? 'கடையிலாவது உட்காரட்டும்' என்பார்கள். அங்கே அவன் நன்றாகத்தானே கணக்குப் போடுகிறான்!

என் எண்ணத்தில், மனக்கணக்கைத் தேர்வில் சேர்ப்பதானால் முதலில் சேர்க்க வேண்டிய இடம் பிள்ளைக்கு மதிப்பெண் போடும் பரீட்சை அல்ல, நாட்டுக்கு மதிப்பெண் போடும் மதிப்பீடு. பரக் ஆய்வு தனி மாணவனுக்குத் தேர்ச்சி தோல்வி சொல்வதில்லை. அதில் ஒரு சிறு பகுதி மாணவர்களிடம் எதிரே உட்கார்ந்து, அவர்கள் மொழியில், வாய்மொழியாகக் கேட்கலாம். கடைக் கணக்கு ஒன்று, அதே கணக்கு வெறும் எண்ணாக ஒன்று. விடை வந்ததும் 'எப்படிப் போட்டாய்?' என்று ஒரு கேள்வி. கடிகாரம் வேண்டாம். இரண்டு விடைகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று மாநிலவாரியாகத் தெரிந்தால், மதிலின் உயரம் தெரியும்.

இது நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் மத்திய அரசே சுமார் 10,000 பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு மாணவர்கள் 86,000 பேரிடம் ஒருவர் பின் ஒருவராக நேரில் கேட்டு அடிப்படைக் கற்றலை ஆராய்ந்தது. தமிழ் உட்பட 20 மொழிகளில் அது நடந்தது. அஸர் தொண்டர்கள் 2024இல் சுமார் ஆறரை லட்சம் குழந்தைகளை அவர்கள் வீட்டு வாசலிலேயே சந்தித்தார்கள்.

புத்தகங்களில் விதை இருக்கிறது. 2005 பாடத்திட்டத்தின்படி வந்த தேசியக் கவுன்சிலின் தொடக்கப் பள்ளிக் கணிதப் புத்தகம், பாட்னாவில் பழைய பொருள் கடை நடத்திய ஒரு பெண்ணின் கணக்கையே ஒரு பாடமாக்கியது. மனதிலேயே போட்டுப் பார் என்று பல இடங்களில் சொன்னது. புத்தகம் சொன்னதைத் தேர்வு கேட்கவில்லை. ஆகவே வகுப்பறையும் கேட்கவில்லை.

போன புதன்கிழமை அந்தப் பையன் தனியாக இருந்தான். வெண்டைக்காய் முக்கால் கிலோவுக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் 45 என்றாய் என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பது போல் பார்த்தான். ஒரு கிலோவுக்கு அறுபது, அதில் கால் பங்கு பதினைந்து, எடுத்துவிட்டால் நாற்பத்தைந்து என்றான். பள்ளியிலும் இப்படியே போடலாமே என்றேன்.

"போட்டேன். விடை சரி. ஸ்டெப் எழுதவில்லை என்று அடித்துவிட்டார்கள்."

அவன் சொன்ன மூன்று வாக்கியங்களும் மூன்று ஸ்டெப்தான். எழுதிக்கொள்ளத்தான் அங்கே ஆள் இல்லை.